எல்லாம் தேமலே

மேனியெங்கும் நீறு பூசிய பெருமானின் திருவடி நம் தலைமேல் நிற்க.

ஒரு காட்டில் வடிவாம்பாள் என்றோர் எருமை வாழ்ந்தாள். அவள் முதுகில் உண்ணி பொறுக்க நாளும் ஒரு காக்கை வரும். ஒருநாள் அது கொத்திய கொத்தில் குருதி கசிந்தது. அவளோ அசைபோட்டபடியே நின்றாள்.

"அக்கா, வலிக்கவில்லையா?"

"எங்கே கொத்தினாய்?"

காக்கை திடுக்கிட்டது. கொத்திய இடத்தில் வெளுத்த திட்டு ஒன்று இருந்தது. தேமலும் அப்படித்தான் வெளுக்கும். தோலின் உணர்வைத் தின்று, பிறகு காலை முடமாக்கும் கொடுநோயும் அப்படியேதான் வெளுக்கும். கால் முடமான எருமையைப் புலி விட்டுவைக்குமா? படம் பார்த்து நோய் சொல்லும் இடத்துக்கு வடிவாம்பாள் விரைந்தாள்.

அக்காட்டு நோய்ப் படங்களெல்லாம் ஊளைநாதர் என்னும் நரியார் ஆளும் தரவு மையத்தில் இருந்தன. அதன் வாசலில் 'மின்சாரம் சேமிப்போம்' என்ற வண்ணவிளக்குப் பலகை பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்த கணினி அவள் திட்டைப் பார்த்த மாத்திரத்தில், "தேமல்" என்றது.

"கொத்தினாலும் தெரியவில்லையே, ஐயா! மற்ற நோயின் படத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்."

"அது வேறு சர்வரில் இருக்கிறது, அம்மணி. மின்சாரம் மிச்சமாக, அதிகம் பேர் கேளாத சர்வர்களுக்குச் செல்லும் வழிகளை உறங்க வைத்திருக்கிறோம். இரண்டு நோயும் பார்வைக்கு ஒன்றாயிருக்க, வழி மட்டும் இரண்டு எதற்கு?"

"என் கால் போய்விடுமே!"

"நான்கு வைத்திருக்கிறீரே! சிக்கனம் என்றால் என்னவென்று இன்னுமா விளங்கவில்லை?"

அன்றைக்கே நரியாருக்குச் சிக்கன விருது வழங்கச் சிங்கராசர் எழுந்தருளினார். உறங்கும் வழிகளை இனி எவரும் எழுப்பலாகாது என்று ஆணையிட்டு, நரியாரின் மார்பில் பதக்கத்தைக் குத்தினார். ஊசி சதையில் இறங்கிற்று, குருதி வழிந்தது. நரியார் பல் தெரியச் சிரித்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, இவருக்கும் வலிக்கவில்லை!" என்று கரைந்தது காக்கை.

நரியார் குனிந்து பார்த்தார். ஊசி இறங்கிய இடத்தில் மயிர் உதிர்ந்து, தோல் வெளுத்திருந்தது. கணினியிடம் ஓடினார்.

"தேமல்" என்றது அது.

"அந்த வழியை எழுப்புங்கள்!" என்று ஊளையிட்டார்.

"உம் திட்டத்தை நீரே குலைப்பதா? வலியைக்கூட மிச்சம் பிடித்த மகான் அன்றோ நீர்!" என்று உள்ளம் உருகிய சிங்கராசர், இரண்டாம் பதக்கத்தையும் அதே இடத்தில் குத்தினார்.

வடிவாம்பாள் அதைப் பார்க்க நிற்கவில்லை. விருது என்பதையே கண்டறியாத அடுத்த காட்டு மருத்துவரிடம், கால் நடக்கும்போதே நடந்தாள்.

நீதி: பதக்கத்தை வலிக்காத இடம் பார்த்துக் குத்துக, அப்போதுதான் வாங்குபவர் சிரித்த முகத்தோடு நிற்பார்.

இக்கதையைக் கேட்டோர் யாவருக்கும், கிள்ளினால் வலிக்கும் தோலை எம்பெருமான் அருள்க.