மூன்று பச்சை ஏணிகளும் என் முழங்காலும்

என் மகள் ஸ்மாரோவின் கல்யாணத்தில் நொண்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணம் செப்டம்பரில். நான் ஜூன் மாதமே நொண்ட ஆரம்பித்தேன். எதையும் கடைசி நேரத்துக்கு விடுகிற ஆள் இல்லை நான். மாவு ஆலையில் மூட்டை எண்ணிக் காலம் தள்ளியவன். படிப்பு குறைவு, எண்ணிக்கை சுத்தம்.

காரணம், நடனம். கிரீஸில் எங்கள் வோலோஸ் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண்ணின் அப்பா ஆடியாக வேண்டும். பெண் வரிசையின் முன்னால் நிற்பாள். வெள்ளைக் கைக்குட்டையின் ஒரு முனை அவள் கையில், மறு முனை அப்பா கையில். ஊரே சுற்றி நின்று பார்க்கும்.

ஊர் பார்க்கும் இடத்தில் எனக்கு வியர்த்துவிடும். ரொட்டிக் கடைக்கே கூட்டம் கலைந்த பிறகு போய் உடைந்த ரொட்டியை வாங்கி வருகிறவன் நான். என் கல்யாணத்தில் எனக்குக் கணுக்கால் சுளுக்கு. தம்பி கல்யாணத்தில் இடுப்புப் பிடிப்பு. பக்கத்து வீட்டு ஞானஸ்நானத்தில் வயிறு. உடம்பில் இன்னும் பயன்படுத்தாத பாகம் முழங்கால் ஒன்றுதான்.

மூன்றாம் நாளே என் மனைவி ஒலிம்பியா காபியை வைத்துவிட்டு நின்றாள்.

"சொடிரி, நேத்து எந்தக் கால்?"

"எந்தக் கால்னா?"

"நேத்து வலது கால் நொண்டிச்சு. இன்னிக்கு இடது கால் நொண்டுது."

"வலி இடம் மாறும் ஒலிம்பியா. இங்கேருந்து அங்க நடக்கும்."

"உனக்கு நடக்க முடியல, உன் வலி மட்டும் நல்லா நடக்குதா?"

"பெரியவங்களுக்கு அப்படித்தான்."

"பாவம்" என்றாள். அவள் பாவம் என்று சொன்னால் நான் உடனே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அந்த இரக்கம் எனக்குப் பிடித்திருந்தது.

"மூட்டு வலிக்குக் குளிர்ந்த தண்ணி நல்லது" என்றாள். "தோட்டத்துத் தொட்டியில கம்பளி விரிப்பு ஊற வெச்சிருக்கேன். சாயங்காலம் இறங்கி மிதி. காலுக்கும் வைத்தியம் ஆச்சு, வீட்டுக்கும் வேலை ஆச்சு."

வெயில் காலம் வந்தால் கம்பளி விரிப்புகளைத் துவைத்து, காயவைத்து, கட்டி மேலே போடுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எங்கள் தொட்டி மாமனார் காலத்தில் திராட்சை மிதித்த தொட்டி. நல்ல நீளம். வலி என்று சொன்ன வாயால் வைத்தியம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கால்சட்டையை மடித்துவிட்டு இறங்கினேன்.

"அப்படி இல்ல" என்றாள் கரையில் நின்று. "கண்டபடி மிதிச்சா சோப்பு ஒரே பக்கம் போயிடும். எண்ணி மிதி. வலப்பக்கமா எட்டு. திரும்பி இடப்பக்கமா நாலு. மூணாவதுக்குக் காலைத் தூக்கு."

"மூணாவதுக்கு ஏன் காலைத் தூக்கச் சொல்ற?"

"நுரை கீழ போக வேண்டாமா? கொடிக்கயிறைப் பிடிச்சுக்கோ, வழுக்கும். ஒரு கை போதும். தலையை நிமித்து. கழுத்து பிடிச்சுக்கப் போகுது."

எண்ணி மிதிக்கச் சொன்னால் எனக்குப் பிடிக்கும். எட்டும் நாலும் பன்னிரண்டு. தினமும் சாயங்காலம் அதே வேலை. நாளுக்கொரு விரிப்பாகப் போட்டாள். ஆறு விரிப்பும் முடிந்ததும் மறுபடி முதல் விரிப்பு. "ஒரு தடவையில போற அழுக்கா இது?" என்றாள். தண்ணீர் மட்டும் கலங்கவே இல்லை. நல்ல சோப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே தொல்லை, மதிலுக்கு அந்தப் பக்கம். அங்கே ஸ்டெர்கியோஸின் சாமான் கொட்டகை. அவன் எங்கள் கல்யாணத்தில் எங்கள் தலையில் மலர்முடி மாற்றி வைத்தவன். அன்று முதல் நாங்கள் ஒருவரை ஒருவர் "கும்பாரே" என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் பால்கனிக்குக் கீழே இருக்கும் திறந்தவெளி சினிமா அவனுடையது. கொட்டகையில் அவன் மகன் லாம்ப்ரோஸும் மூன்று பையன்களும் இசை என்று எதையோ செய்வார்கள். நான் தொட்டியில் இறங்கும் நேரம் பார்த்துத்தான் டிரம் அடிக்க ஆரம்பிப்பார்கள். மதிலைத் தாண்டி டிரம் மட்டும் கேட்கும். வேறு வழியில்லாமல் என் கால் அதோடு போகும்.

அந்த வாரங்களில் இன்னொரு கணக்கும் உதைத்தது. ஒலிம்பியா கீரையும் சீஸும் வைத்துத் தட்டு நிறையப் பிட்டா சுடுவாள். ஒரு தட்டுக்குப் பன்னிரண்டு துண்டு. எப்படி எண்ணினாலும் எட்டுதான் வந்தது.

"நாலு துண்டு எங்க ஒலிம்பியா?"

"எறும்பு."

"நாலு துண்டையுமா?"

"பசியுள்ள எறும்பு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்மாரோ சாப்பிட வந்தாள். நான் நொண்டிக்கொண்டே போய் ரொட்டி எடுத்து வந்தேன். அவள் என் காலையே பார்த்தாள்.

"அப்பா, நீ கஷ்டப்பட வேண்டாம். பெரிக்ளிஸ் மாமாகிட்ட பேசிட்டேன். கைக்குட்டைய அவர் பிடிச்சுக்கறேன்னுட்டாரு."

பெரிக்ளிஸ் ஒலிம்பியாவின் அண்ணன். எங்கே எதற்கு ஆடலாம் என்று காத்திருக்கிற ஆள். பெட்ரோல் பங்க் திறப்பு விழாவில் ஆடியவன். பெட்ரோல் வரும் முன்பே ஆடி முடித்தவன்.

"நல்லதாப் போச்சு" என்றேன்.

நான் ஆடக்கூடாது என்றுதான் திட்டம் போட்டேன். அந்த இடத்தில் இன்னொருவன் நிற்பான் என்று யோசிக்கவில்லை. என் மகள் கைக்குட்டையின் மறு முனையில் பெரிக்ளிஸின் மீசை. ஆனால் மாதக் கணக்கில் நொண்டியவன் திடீரென்று நேராக நடந்தால் ஊர் என்ன சொல்லும்? மிதிப்பதைத் தொடர்ந்தேன்.

ஜூலைக் கடைசியில் ஒலிம்பியாவின் பெயர்நாள் வந்தது, அதாவது அவள் பெயர் கொண்ட புனிதையின் திருநாள். எங்களுக்குப் பிறந்தநாளைவிட அதுதான் பெரிது.

"என்ன வேணும், சொல்லு" என்றேன்.

"பச்சை ஏணி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் பச்சை ஏணி என்ற பெயரில் மூன்று இருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

முதலாவது, பாட்டு. மேலே மலை ஊர்களிலிருந்து வந்தது. ஒரு பையன், பெண்ணின் அப்பா கண்ணில் படாமல் இருக்க, ஏணிக்குப் பச்சை வண்ணம் அடித்து ஆப்பிள் மரத்தில் சாத்தி வைக்கிறான். அப்பன் தினமும் பார்க்கிறான், ஏணி தெரியவில்லை. அந்த ஆளுக்குக் கண் இல்லையா என்று நான் சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறேன். கல்யாணத்தில் அப்பாவும் மகளும் ஆடுவது இந்தப் பாட்டுக்குத்தான். அந்த வாரக் கடைசியில் கடலோரச் சாப்பாட்டுக் கடையில் அதை வாசிக்க ஆட்கள் வருகிறார்கள்.

இரண்டாவது, படம். எங்கோ வடக்கே பனி பெய்கிற நாட்டில் எடுத்தது. கொலை. எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு மெல்லப் பேசுவார்கள். ஸ்டெர்கியோஸின் சினிமாவில் அது புதன்கிழமை முதல்.

மூன்றாவது, லாம்ப்ரோஸும் அவன் கூட்டாளிகளும். கொட்டகையில் ஒரு பழைய ஏணி கிடந்தது. அது பச்சை. குழுவுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை துறைமுகத்தில் அவர்கள் கச்சேரி.

"எந்தப் பச்சை ஏணி?" என்று கேட்டேன்.

"உன் இஷ்டம். மூணுல எதுவானாலும் எனக்குச் சம்மதம்."

கல்யாணமான நாளிலிருந்து என் இஷ்டம் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. நிதானமாகக் கணக்குப் போட்டேன். சாப்பாட்டுக் கடையென்றால் ஆடச் சொல்வார்கள். துறைமுகமென்றால் நின்றபடி குதிக்கச் சொல்வார்கள். சினிமாவில் நாற்காலி உண்டு. இருட்டு உண்டு. பேசினால்கூடப் பின்னாலிருந்து உஸ் என்பார்கள். கூச்சமுள்ளவனுக்கு ஆண்டவன் கட்டிக் கொடுத்த இடம்.

"படம்" என்றேன்.

"படமா? சரி" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை.

"பால்கனியிலேருந்தே பாக்கலாமே? எப்பவும் அப்படித்தானே பாக்கறோம்?"

"பெயர்நாளன்னிக்காவது டிக்கெட் வாங்கி, கீழ நாற்காலியில உக்காந்து பாக்கணும் சொடிரி."

நியாயம். வாங்கினேன். மல்லிகைக் கொடி ஏறிய பின்சுவரை ஒட்டி இரண்டு நாற்காலி கேட்டேன். அவள் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"கிட்டத்துல இருந்தாத்தான் எழுத்து தெரியுது."

"எந்த எழுத்து? நீ எப்பவும் எழுத்து ஓடறதுக்குள்ள தூங்கிடுவ."

"இன்னிக்குத் தூங்கல."

எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை மாட்டிவிட்டிருந்தாள். அவள் காலில் வார் வைத்த செருப்பு. சினிமாவுக்கு எதற்கு வார் என்று தோன்றியது. விளக்கு அணைந்துவிட்டது. பனி பெய்தது. ஒரு கறுப்புக் கோட்டு விழுந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் விளக்கு எரிந்தது.

இடைவேளை.

இத்தனை கோடை பால்கனியிலிருந்து பார்த்தவன் நான். இடைவேளை வந்தால் நான் உள்ளே போய்த் தர்பூசணி வெட்டுவேன். திரும்பி வரும்போது படம் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு எரிகிறபோது கீழே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. என் கணக்கில் இடைவேளையே இல்லை.

சரளைக் கல்லில் நறநறவென்று கால் சத்தம். லாம்ப்ரோஸும் மூன்று பையன்களும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். டிரம். கிட்டார். ஒருவன் கையில் கிளாரினெட். ஸ்டெர்கியோஸ் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"இன்னிக்கு நம்ம ஒலிம்பியாவோட பெயர்நாள்! ஓடற படம் பச்சை ஏணி. வந்திருக்கற பசங்க பச்சை ஏணி. அவங்க இப்ப வாசிக்கப் போற பாட்டு..."

"பச்சை ஏணி!" என்றது கூட்டம். பால்கனிகளும் கத்தின. அன்றைக்கு எல்லாப் பால்கனியிலும் ஆள்.

"கும்பாரே" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு, "நீயுமா?"

"நான் என்ன செய்வேன் கும்பாரே? என் பசங்களுக்கு மாசக் கணக்கா உங்க வீட்டுப் பிட்டாதான் சாப்பாடு."

நாலு துண்டு. நாலு எறும்பு. கணக்கு நேரானது.

டிக்கெட் கூண்டுப் பக்கத்திலிருந்து ஸ்மாரோ வந்தாள். கையில் வெள்ளைக் கைக்குட்டை. நேராக என் முன்னால் வந்து நின்றாள். மறு முனையை நீட்டினாள். கூட்டத்துப் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. எனக்கு அது புதிது. கூச்சம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஒலிம்பியா, என் கால்..." என்றேன்.

"எந்தக் கால்?" என்றாள்.

முன்வரிசை முழுவதும் என் காலைப் பார்த்தது. எனக்கே ஞாபகம் வரவில்லை. எழுந்தேன். முனையைப் பிடித்தேன். கிளாரினெட் மேலே போனது. டிரம் ஆரம்பித்தது. மதிலுக்கு அப்பாலிருந்து கேட்ட அதே டிரம்.

வலப்பக்கமாக எட்டு. மூன்றாவதுக்குக் கால் தானாக எழுந்தது. இடப்பக்கமாக நாலு. கை தானாக உயர்ந்தது, கொடிக்கயிறைப் பிடிப்பது போல. தலை நிமிர்ந்திருந்தது. இரண்டாவது சுற்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். என் வாழ்க்கையில் எதையாவது எண்ணாமல் செய்தது அன்றைக்குத்தான். ஸ்மாரோ சிரித்துக்கொண்டே அழுதாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. ஐஸ்கிரீம் விற்கிற அம்மாள் கையில் கரண்டியோடு சேர்ந்துகொண்டாள்.

"அப்பா, பெரிக்ளிஸ் மாமாகிட்ட நானே சொல்லிடறேன்."

"அவரை உக்காந்து பாக்கச் சொல்லு" என்றேன். என்னுடைய குரல்தான் அது.

விளக்கு அணைந்து படம் மறுபடி ஓடியது. கொலை செய்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் படத்தில் ஏணி ஒன்று கடைசியில் வந்தது. அது பழுப்பு நிறம்.

வீட்டுக்கு நடந்தோம். நேராகத்தான் நடந்தேன். நொண்ட மறந்துவிட்டேன்.

"பாத்தியா ஒலிம்பியா? யாரும் சொல்லிக் கொடுக்கல. ஒத்திகை பாக்கல. எழுந்தேன், ஆடினேன்."

"ஆமாம் சொடிரி. பிறவித் திறமை."

"அது ரத்தத்துல இருக்கணும். பெரிக்ளிஸ் ஆடறது வெறும் பழக்கம்."

"வெறும் பழக்கம்தான்."

அவள் என் கையைக் கோத்துக்கொண்டாள். மல்லிகை வாசனை கூடவே வந்தது. எனக்கு மனசு நிறைந்திருந்தது. மனசு நிறைந்த மனிதன் வீட்டு வேலைக்கும் தயாராகிவிடுகிறான்.

"இனிமே எனக்குக் கால் வலியில்லன்னு அந்த விரிப்பெல்லாம் அப்படியே விட்டுடாத" என்றேன். "நாளைக்குச் சாயங்காலமும் இறங்கி மிதிச்சுத் தரேன்."

"வேண்டாம் சொடிரி" என்றாள் ஒலிம்பியா, சாவியைத் தேடிக்கொண்டே. "அதெல்லாம் மே மாசமே துவைச்ச விரிப்பு."