நடு ஆற்றில் பிரிந்த பீப்பாய்

அன்புள்ள அக்காவுக்கு,

"அண்ணனும் தம்பியும் பேசிக்கிட்டாங்களா?" என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. மூவரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்ற நலங்களை நேரில் விசாரித்துக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் நீங்களும் அத்தானும் மகளோடு தங்கக் கடல் கடந்து போகிறீர்கள். அதற்குள் அண்ணனான அவரையும் தம்பியான என் வீட்டுக்காரரையும் ஒரு வார்த்தையாவது பேசவைக்க வேண்டும் என்று நீங்கள்தான் இந்த ஆற்றங்கரைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினீர்கள். நான்கு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர்களைச் சமாதானப்படுத்தப் பழைய போர்க்களத்துக்கு அனுப்பும் யோசனை உங்களுக்கு மட்டுமே வரும். சண்டை எதற்கு என்று இருவரையும் தனித்தனியே கேட்டேன். உங்கள் மகள் கல்யாணத்தில் தம்பி புகைப்படத்துக்கு நிற்காமல் நழுவிவிட்டாராம். இது அத்தான் சொன்னது. அண்ணன் தன்னைக் கூப்பிடவே இல்லையாம். இது என்னவர் சொன்னது.

வழிகாட்டி பதுங்குகுழியைக் காட்டி, இரு கரையிலும் இரண்டு படைகள் மழைக்காலம் முழுவதும் முறைத்துக்கொண்டே கிடந்தன என்றார். நம் வீட்டு ஆண்கள் இருவரும் வேறு வேறு திசையில் பார்த்தார்கள். அவர் சொன்ன கணக்கில், காலையில் நூற்றுக்கணக்கில் இறந்த வீரர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆயிரக்கணக்கானார்கள். ஆதாரம் உண்டா என்று கேட்டேன். "மேடம், ஆத்தையே கேளுங்க" என்றார்.

பிறகு சாகசம். அந்த வீரர்கள் செய்ததுபோலவே காலிப் பீப்பாய்களைக் கயிற்றால் பிணைத்து மிதவை செய்து ஆற்றைக் கடக்க வேண்டும். அத்தான் மின்வாரியத்தில் கம்பம் நட்டவர், என்னவர் கணக்கு வாத்தியார். இரண்டு பேருக்கும் எல்லாம் தெரியும். அத்தான் போட்ட முடிச்சை என்னவர் வாய் திறக்காமல் அவிழ்த்து வேறு மாதிரி போட்டார், அவர் நகர்ந்ததும் அத்தான் வந்து அதை அவிழ்த்தார், இப்படியே நெடுநேரம் நடந்தது, கடைசியாக அவிழ்த்தது யார், கட்டாமல் விட்டது யார் என்பதை வரலாறு பதிவு செய்யவில்லை. நடு ஆற்றில் ஒரு பீப்பாய் என் கணவரோடு தனி நாடாகப் பிரிந்தது.

"டேய் சுண்டெலி! துடுப்பப் பிடிடா! பிடிடா மடையா!" அத்தான்தான் கத்தினார்.

"நீ அவுத்த முடிச்சுதாண்ணா இது!"

"வாய மூடிட்டுக் கால அடிடா!"

"நீச்சல் மறந்துபோச்சுண்ணா!"

"நான் கத்துக்குடுத்ததுடா, அது எப்படிடா மறக்கும்?" என்றபடி அத்தானும் குதித்துவிட்டார்.

கரையிலிருந்து வழிகாட்டி, "சார், எந்திரிச்சு நில்லுங்க, இடுப்பளவுதான்!" என்றார்.

இருவரும் எழுந்து நின்றார்கள். நின்ற பிறகும் அத்தான் தம்பியின் கையை விடவில்லை. கரையேறியதும் அதைக் கவனித்து இருவரும் சட்டென்று விட்டார்கள். சாயங்காலம் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். ஆற்றில் கத்திக்கொண்டதைப் பேச்சு என்பதா, விபத்து என்பதா? என்னைக் கேட்டால் விபத்து. ஆசையை வளர்த்துக்கொள்ளாதீர்கள் அக்கா, பெட்டிகளைக் கட்டி முடியுங்கள்.

உங்கள் பயணம் குறையில்லாமல் அமையட்டும். மகளுக்கும் மருமகனுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஓரகத்தி

பி.கு.: மறுநாள் நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன். விடிந்து பார்த்தால் அறையில் இருவரும் இல்லை. ஆற்றங்கரையில் வழிகாட்டியை ஓரமாக நிற்கவைத்துவிட்டு மிதவையைப் புதிதாகக் கட்டி முடித்திருந்தார்கள். ஊர் திரும்பும் பேருந்து ஆரன் அடித்தபோது நடு ஆற்றில் இருந்தார்கள். நானும் வரட்டுமா என்று கத்தினேன். "இடமில்ல!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்களுடைய ஈரத் துணிகளைச் சுருட்டிக்கொண்டு நான் மட்டும் பேருந்தில் ஏறினேன்.