சாலைக்கு முகம் காட்டாத பள்ளிக்கூடமும் தங்கள் பெண்ணும்

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், என் மனைவியும், தங்கள் மாப்பிள்ளையும், தங்கள் பெண்ணும் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி இப்போது மாடிப்படி ஏறவிடுகிறதா என்பதையும், சம்பந்தியம்மாவுக்குப் புதுக் கண்ணாடி பழகிவிட்டதா என்பதையும் தெரிவிக்கவும். நலம் விசாரித்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் தங்கள் பெண்ணைப் பற்றித் தங்களிடமே ஒரு புகார் சொல்ல வேண்டியிருக்கிறது. பயப்பட வேண்டாம், மாமியார் மருமகள் சண்டை எல்லாம் இல்லை. அவர்கள் இருவரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி நான் ஒருவன்தான். ஆதியோடந்தமாகச் சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் விளங்கும் என்பதால், கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நான் தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியைக் கல்யாணத்தின்போது தாங்களே பார்த்திருக்கிறீர்கள். தகரக் கூரை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் தூங்குவார்கள், அவர்களை எழுப்ப வேண்டிய ஆசிரியரும் தூங்குவார், சரித்திரப் பாடம் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் தானாக நடந்து முடியும். இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில் கல் விழுந்தாற்போல அடுத்த தெருவில் வகுப்புக்கு வகுப்பு ஏசி வைத்து ஒரு பள்ளி திறந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். இப்படியே போனால் பூட்டுப் போட வேண்டியதுதான் என்று பயந்த நிர்வாகக் குழு புதுக் கட்டடம் கட்ட முடிவு செய்தது. வீட்டிலேயே ஒரு ஆர்கிடெக்ட் இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும் என்று நானே மருமகளைச் சிபாரிசு செய்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

குழுவின் முதல் கூட்டத்திலேயே தங்கள் பெண் ஏசி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெற்றோர் சங்கத் தலைவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றால்தான் தெரியும். சாலையைப் பார்த்தபடி அடியிலிருந்து முடிவரை கண்ணாடியே முகப்பாக நிற்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் கனவு, எனக்கும் அதில் பாதி பங்கு. இவளோ சாலைப் பக்கம் மேற்கு, அங்கே ஒரு ஜன்னல்கூடக் கிடையாது என்றாள். ஏனம்மா என்று கேட்டதற்கு, “மாமா, வெயிலை நாமே உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சிட்டு, அப்புறம் அதைத் துரத்த ஒரு மெஷின் வாங்கணுமா?” என்றாள். குழுவில் எல்லோரும் தலையாட்டினார்கள். கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என்னை அவள் படுத்திய பாட்டைக் கேளுங்கள். மைதானம் முழுக்கக் குச்சி நட்டு, குச்சிக்குக் குச்சி ரிப்பன் கட்டி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தாள். அதுவாவது போகட்டும். வெயில் எந்த நேரத்தில் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கக் கம்பம் நட வேண்டுமாம். கம்பம் வந்து சேரவில்லை. “மாமா, நீங்க நல்ல உயரம், அசையாம நிக்கவும் தெரியும்” என்று என்னை மைதானத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, என் நிழல் முடிகிற இடத்தில் சுண்ணாம்புப் பொடி போட்டாள். காலையில் ஒரு தரம், உச்சியில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். பிள்ளைகளை வெயிலில் நிற்க வைக்கும் தலைமையாசிரியரையே மருமகள் வெயிலில் நிற்க வைத்துவிட்டாள் என்று தெருவே நின்று பார்த்தது. அந்த நிழலைக் கொண்டுதான் சன்ஷேடு எவ்வளவு நீளம் என்று கணக்குப் போட்டாளாம். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் தொப்பையின் நிழலும் அதில் சேர்ந்திருக்குமே என்ற கவலை எனக்கு இன்றுவரை உண்டு.

கட்டடம் எழும்ப எழும்ப என் நிம்மதி இறங்கியது. அகலமான பக்கங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்க, சாலைக்கு வெறும் சுவர். சுவர் என்றால் ஒரு சுவர் இல்லை, இரண்டு சுவர், நடுவில் ஒன்றுமே இல்லாமல் இடைவெளி. வெயில் முதல் சுவரோடு நின்றுபோகுமாம். ஒன்றும் இல்லாததற்கா இத்தனை செங்கல் என்று கண்ணாடிக்காரர் என்னைக் கேட்டார், நான் இருமினேன். கூரைக்குக் கீழே சுற்றிலும் வெண்டிலேட்டர். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும், குளிர்ந்தது கீழ் ஜன்னல் வழியாகத் தானே வரும் என்றாள். போகிற காற்றுக்கு வழி தெரியுமா என்று கேட்டேன். “தெரியும் மாமா, நாம அடைக்காம இருந்தா போதும்” என்றாள்.

திறப்பு விழா நெருங்க நெருங்க, பெற்றோர்கள் வந்து பார்த்துவிட்டு, கிடங்கு மாதிரி இருக்கிறது, ஜெயில் மாதிரி இருக்கிறது என்று என் காதுபடவே பேசினார்கள். விழாவில் இவர்கள் முகம் சுளித்தால் அடுத்த வாரமே மீதிப் பிள்ளைகளும் போய்விடுவார்கள். கடைசியில் கண்ணாடிக்காரரும் நானும் சேர்ந்து ஒரு காரியம் செய்தோம். தங்கள் பெண் தலைமை விருந்தினரான கல்வி அதிகாரியை அழைத்துவரப் போன சமயம் பார்த்து, பீரோ உயரத்தில் வாடகை ஏசி மெஷின்களைக் கூடத்தில் இறக்கி, குளிர் வெளியே போகாமல் இருக்க எல்லா ஜன்னலையும் சாத்தி, வெண்டிலேட்டர் அத்தனைக்கும் அட்டை வைத்து அடைத்தோம்.

அதிகாரி கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். வந்தவர் முகப்பைத் தேடிச் சாலைப் பக்கச் சுவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். உள்ளே கூட்டம் நிரம்பியது, மெஷின்கள் உறுமின, எல்லோர் முகமும் குளிர்ந்தது, என் மனமும் குளிர்ந்தது. அதிகாரி பேச எழுந்து தாள்களைப் பிரித்தார். பட்டென்று ஒரு சத்தம். எங்கள் கூடத்தில் மட்டும் இல்லை, தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. அடைத்த டப்பாவுக்குள் அத்தனை பேர். அதிகாரி முதலில் கழுத்தைத் துடைத்தார், பிறகு கோட்டைக் கழற்றினார், அதற்குமேல் கழற்ற வழியில்லாமல் நின்றார். பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அம்மாக்கள் எழுந்து வாசலைப் பார்த்தார்கள்.

அதுவரை வாசலில் விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்த தங்கள் பெண் அப்போது என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள். மெஷின்களைப் பார்த்தாள், மேலே அட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் பூமி பிளக்கக் காத்திருந்தேன். “மாமா, அந்த அட்டையை எல்லாம் எடுத்துடலாமா?” என்றாள். சாப்பிட்ட தட்டை எடுத்துவிடலாமா என்று கேட்கிற தொனி, அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். கம்பால் அட்டைகளைத் தள்ளினார்கள், இரண்டு பக்கத்து ஜன்னல்களையும் திறந்தார்கள். காற்று அடித்தது என்று எழுதினால் பொய். வந்தது. அழைத்த வீட்டுக்கு வருகிறவர்போலச் சத்தமில்லாமல் தெற்கே நுழைந்து, எல்லோர் கழுத்தையும் தொட்டுவிட்டு வடக்கே போனது. போகிற போக்கில் அதிகாரியின் தாள்களையும் எடுத்துக்கொண்டு போனது. அதனால் அவர் பள்ளி நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். இதுவரை அவர் ஆற்றிய உரைகளிலேயே இதற்குத்தான் கைதட்டல் அதிகம் என்று அவரே பிற்பாடு சொன்னார்.

உடனே கண்ணாடிக்காரர் எழுந்தார். காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். “அடைச்சு வெச்சா எப்படி இருக்கும், திறந்து விட்டா எப்படி இருக்கும்னு நம்ம தலைமையாசிரியர் வாயால சொல்லாம நடத்தியே காட்டிட்டார்” என்றார். கூடமே எழுந்து நின்று எனக்குக் கைதட்டியது. திரும்பிப் பார்த்தால், எல்லோரையும்விடப் பலமாகத் தட்டிக்கொண்டிருந்தவள் தங்கள் பெண். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி, இந்தப் பாடத்தை எப்போது தயார் செய்தீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.

இப்போது நிலைமை என்னவென்றால், மத்தியானத்தில் ஒரு பிள்ளையும் தூங்குவதில்லை. விழித்திருக்கிற பிள்ளை கேள்வி கேட்கிறது. அந்த ராஜா எதற்காக அந்தப் போருக்குப் போனார் என்று ஒரு பெண் குழந்தை கேட்டுவிட, சரித்திர ஆசிரியர் இந்த வயதில் என்னைப் படிக்க வைத்துவிட்டீர்களே என்று குறைப்படுகிறார். மின்சார அலுவலகத்து ஆள் மீட்டர் கெட்டுப்போனதா, அல்லது நாங்கள் ஏதாவது திருகினோமா என்று தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, சந்தேகம் தீராமல் எங்கள் நடைக்கூடத்திலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார். இங்கேதான் குளிர்ச்சியாக இருக்கிறதாம். அடுத்த தெருவுக்குப் போன பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

இதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. என் புகார் இனிமேல்தான். அந்த அதிகாரி மறுபடி வந்தார். தூரத்தில், வெயில் கொளுத்துகிற ஊர்களில் இதேபோலப் பள்ளிகள் கட்ட வேண்டும், தங்கள் பெண் ஒரு வருஷம் அங்கே தங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இது நியாயமா, சொல்லுங்கள். அங்கே தூசி. அவளுக்குத் தூசி ஆகாது. வெளிச் சாப்பாடு அதைவிட ஆகாது. என் மகன் வாயைத் திறந்து பேசுவது கொட்டாவி விடும்போது மட்டும்தான். சாயங்காலம் பின்கட்டுப் படியில் தேநீரோடு உட்கார்ந்து, நான் சொல்லும் பள்ளிக்கூடத்து வம்பை முழுக்கக் கேட்கிறவள் அவள் ஒருத்திதான். நான் வேண்டாம் என்றால் மாமனார் தடுக்கிறார் என்று பெயர் வரும். அப்பா சொன்னால் கேட்பாள். ஆகவே தாங்கள் உடனே போன் செய்து, தூசியைக் காரணம் காட்டி, பக்குவமாக ஒரு வார்த்தை சொல்லி இதை நிறுத்த வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். சின்னவளுக்கு ஆசிகள், பரீட்சையில் நன்றாக எழுதச் சொல்லவும். தங்கள் குடும்பத்தில் எல்லா நலமும் நிறைந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பையும் போன் அழைப்பையும் எதிர்பார்க்கும்
சம்பந்தி

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் தங்கள் பெண் வந்து, அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னாள். காரணம் கேட்டேன். “சாயங்காலம் நீங்க தனியா உட்கார்ந்திருப்பீங்களே மாமா” என்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு கிழவனின் வம்புப் பேச்சுக்காக அங்கே அத்தனை பிள்ளைகள் வெயிலில் வேக வேண்டுமா? கையோடு அதிகாரிக்கு நானே போன் செய்து, அவள் திங்கட்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. தயவுசெய்து தாங்கள் உடனே போன் செய்து, தூசியைப் பற்றி வாயே திறக்காமல், கட்டாயம் போகத்தான் வேண்டும் என்று கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லவும். அப்பா சொன்னால் கேட்பாள்.