வெளிய இருங்க அக்கா

மதுரை ஜில்லாவில் தாய்மாமன்களை அதிகமாக அவமானப்படுத்தியவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் எங்கள் சீனியர் வக்கீலம்மாவைச் சொல்வேன். கே.கே. நகரில் அக்கா வீட்டு முன்னறைதான் ஆபீஸ். குடும்ப வழக்கு என்று ஒரு பெண் வந்தால் கூடவே ஒரு வேன் நிறைய உறவு வரும். அந்தப் பெண்ணைத் தவிர எல்லோரும் பேசுவார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, “எல்லாரும் செத்த வெளிய இருங்க” என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

வெளியே வந்தவர்களைச் சமாளிப்பது ஜூனியரான என் வேலை. கோர்ட்டையே அதிர வைக்கப்போவதாக ஊரில் சொல்லிவிட்டு வந்தவன், வாசலில் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவனியாபுரத்து மாமன் ஒருவரிடம் அவருடைய ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றி மத்தியானம் வரை பேசினேன். எனக்குப் பசுமாடு என்றாலே பயம்.

ஒருநாள் திருமங்கலத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் கைக்குழந்தையோடு வந்தார்கள். (ஊரை மாற்றித்தான் எழுதுகிறேன்.) மனமொத்துப் பிரிகிறார்களாம், இருவருக்கும் ஒரே வக்கீல் போதுமாம். அவன் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவளிடம் கேட்டதற்கெல்லாம் அவனே பதில் சொன்னான். நான் உருகிவிட்டேன்.

“அக்கா, இம்புட்டுப் பாசமான ஆளு. சேத்து வச்சிருவோமா?” என்று கிசுகிசுத்தேன்.

அக்கா அவனோடு என்னையும் சேர்த்து வெளியே அனுப்பினார்.

கதவு சாத்தியதும் பாசக்காரன் முகம் மாறியது. “உள்ள என்ன பேசுறாங்க? எனக்கும் அவங்கதான வக்கீலு?” என்று கதவை உதைக்க வந்தான். நான் குறுக்கே அசையாமல் நின்றேன். வீரமெல்லாம் இல்லை, கையில் டீத் தட்டோடு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியவில்லை.

ஒருவழியாக அக்காவே கதவைத் திறந்தார். “தம்பி, நான் அந்தப் பொண்ணுக்கு மட்டுந்தான் வக்கீல். நீங்க வேற ஆளப் பாருங்க.” உள்ளே நாற்காலி காலி. குழந்தையோடு பின்வாசல் வழியாக அவள் போயிருந்தாள். அவன் தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கிளம்பினான்.

உள்ளே அவள் சொன்னதை எழுத மாட்டேன், அக்காவிடம் வேலை பார்த்தவன் எழுதக்கூடாது. அவள் அடிபட்டுக்கொண்டிருந்தாள் என்பது போதும்.

“இன்னைக்கே கேஸ் போடுவோம்க்கா!” என்று குதித்தேன்.

“அவசரம் உனக்குடா. வீட்டுக்குத் திரும்பிப் போனா உசிரோட இருப்பேனான்னு அவ கேக்குறா. மொதல்ல அதப் பாப்போம். கேஸ் எப்பன்னு அவ சொல்லட்டும்.”

“எங்கக்கா அனுப்புனீங்க?”

“சொல்ல மாட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “என்னைய நம்பலையாக்கா?”

“நீ நல்லவன்டா. எவனாவது அழுதுக்கிட்டே கேட்டா சொல்லிருவ.”

அடுத்த வாரமே அவன் கையில் பொம்மையோடு அழுதுகொண்டே வந்தான். “அண்ணே, பிள்ளைய ஒருவாட்டி பாத்துக்கிறேன். எடத்த மட்டும் சொல்லுங்கண்ணே.” நானும் சேர்ந்து அழுதேன். தெரிந்திருந்தால் என் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போய் விட்டிருப்பேன்.

போன மாதம் ஷேர் ஆட்டோவில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்பில் மகள். “நல்லாருக்கீங்களாண்ணே? அக்கா எப்படி இருக்காங்க?” என்றாள். அக்கா தவறிவிட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

எங்கே குடியிருக்கிறீர்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. ஆட்டோ நின்றபோது, அவர்கள் எந்தத் தெருவுக்குள் போகிறார்கள் என்று பார்க்காமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அக்காவை மனசு ரொம்பத் தேடியது.