சனி போய்விட்டார், கூட்டம் வரவில்லை

நெரவி, காரைக்கால்
சித்திரை மாதம், வியாழக்கிழமை

சிரஞ்சீவி முருகானந்தத்துக்கு அப்பா சிவசுப்பிரமணியன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஒரு வீடு நிறைய எள்ளும் நலமாக இருக்கிறோம். அங்கே புனேயில் நீயும் உன் மனைவி சந்திரலேகாவும் பேத்தியும், பேத்தி பிறந்தபோது பார்த்துக்கொள்ள வந்து அங்கேயே தங்கிவிட்ட உன் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவைக் கடைசியில் எழுதியதற்கு உள்நோக்கம் எதுவும் இல்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் உங்கள் அடுக்களையிலிருந்து பதில் வந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. ஆகவே முழுவதும் படி.

பொங்கலுக்கு நீ மட்டும் வந்திருந்தபோது எனக்குச் சொன்ன உபதேசத்தை மறந்திருக்க மாட்டாய். உரக்கடையை மூடிவிட்டுச் சும்மா இருக்கப் பிடிக்காமல், திருநள்ளாற்றுக் கடைகளுக்கு எள் விளக்கு போடும் சாமான்களை மொத்தமாகக் கொடுக்கும் வியாபாரத்தை நான் தொடங்கியிருந்த சமயம் அது. அகல், நல்லெண்ணெய், கறுப்புத் துணியில் முடிந்த எள், இவ்வளவுதான் சரக்கு. நீ என் கணக்கைப் பார்த்துவிட்டு, "அப்பா, சரக்கு இருந்தா மட்டும் யாவாரம் ஆயிடாது. சப்ளை செயின் வேணும். சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்து நிக்கணும்" என்றாய். கார் பாகம் செய்யும் கம்பெனியில் இதற்கென்றே உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதால் கேட்டுக்கொண்டேன். முதலில் ஜனங்களுக்குச் சரக்கு எப்போது தேவைப்படும் என்று தெரிய வேண்டும், ஒரே ஆளை நம்பி இருக்கக் கூடாது, நடுவில் தரகன் கூடாது, சரக்கு ஓரிடத்தில் தேங்கக் கூடாது. நாலையும் நான் அட்சரம் பிசகாமல் செய்தேன். நடந்ததைக் கேள்.

தேவை எப்போது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சியைவிடப் பெரிய தேவை என்ன இருக்கிறது? சனி பகவான் கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போவது இந்தப் பங்குனியில் என்று திருக்கணிதப் பஞ்சாங்கம் நாழிகையோடு சொல்கிறது. குரு யாரும் இல்லாமல் நானே புத்தகம் வாங்கிக் கணிதம் படித்தவன். நானும் போட்டுப் பார்த்தேன், சரியாகவே வந்தது. டிவியில் ராசிபலன் சொல்கிறவர்களும் அதைத்தான் சொன்னார்கள். உன் அம்மா வாக்கியப் பஞ்சாங்கக் கட்சி. கோயிலும் அந்தக் கட்சிதான். அதன்படி பெயர்ச்சி அடுத்த வருஷம். இந்த வீட்டில் கல்யாணம் ஆன நாளிலிருந்து கூடத்தில் என் காலண்டரும் அடுக்களையில் அவள் காலண்டரும் தொங்குவது உனக்குத் தெரியும். ஏகாதசியா துவாதசியா என்று நாங்கள் சண்டை போடாத மாதம் இல்லை. இப்போது சண்டை இல்லை. அவள் காலண்டரையும் நான்தான் தினமும் கிழிக்கிறேன். தாள் சேர்ந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக, வேறு காரணம் இல்லை.

உன் அம்மாவுக்குக் கும்ப ராசி. ரயில் ஏறும்போது, "பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. சனிப்பெயர்ச்சிக்கு வந்து வெளக்குப் போடணும்னு வேண்டுதல் இருக்கு, அதுக்கு வந்துடுவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். எந்தப் பஞ்சாங்கத்துப் பெயர்ச்சி என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சங்கடம்.

சங்கிலியைக் கோத்தேன். எள்ளுக்கு விருத்தாசலம் மண்டியில் ஒருவர், அவர் கைவிட்டால் நம் ஊர்த் திருஞானசம்பந்தம் என்று இரண்டு ஆள் பிடித்தேன். நீ சொன்னது போல ஒருவர் தவறினால் மற்றவர் என்ற ஏற்பாடு. இரண்டு பேருமே தவறவில்லை. ஒரே நாளில் இரண்டு வண்டி வந்து வாசலில் நின்றது. இரண்டு பேரும் ஒழுங்காக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று நீ சொல்லித்தரவில்லை. அகல் மாயவரம் பக்கத்துச் சூளையிலிருந்து வர வேண்டும். காரைக்காலுக்கு லோடு என்றால் எந்த டிரைவரும் மறுப்பதில்லை, பாண்டிச்சேரி விலையில் கடை திறந்திருக்கிற ஊர். வருகிற வண்டி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். இறக்கிவிட்டுத் திரும்பிப் போவதில்தான் தாமதம். அகல் கொண்டுவந்தவர் நம் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு பகல் முழுவதும் தூங்கினார். எழுந்ததும் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். "வீட்ல யாரும் இல்லீங்களா பெரியவரே" என்றார். வியாபாரத்துக்குச் சம்பந்தமில்லாத கேள்வி.

ஆனால் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியிலும் இதே கேள்விதான். கறுப்புத் துணி கொடுக்கிற முகைதீன் பிச்சை, துணியை அளப்பதற்கு முன்னால் கேட்டார். எள் முடிகிற பெண்களைச் சேர்த்துக்கொடுத்த வெண்மதி வாசலில் காலை வைக்கும்போதே, "பெரியம்மா எப்ப வர்றாங்க பெரியப்பா?" என்றாள். பங்குனியில் பெயர்ச்சிக்கு வருகிறாள் என்று எல்லோருக்கும் சொன்னேன். அவள் வருவதற்குள் நான் பெரிய வியாபாரி ஆகியிருப்பேன் என்பதையும் சொன்னேன்.

பெயர்ச்சி அன்று விடியுமுன் சரக்கு வண்டியோடு திருநள்ளாற்றில் இருந்தேன். வழக்கமான சனிக்கிழமைக் கூட்டம், அதற்குக் கடைகளில் இருந்த பழைய சரக்கே போதும். நம்முடைய சரக்கை எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்த சொக்கநாதன் தன் கடை வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பெயர்ச்சி அடுத்த வருஷம்தான்னு கோயில்ல சொல்லிட்டாங்களே, தெரியாதா?"

"சனி மீனத்துக்குப் போயாச்சு. நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"போயிருக்கலாம்ண்ணே. நான் இல்லேங்கல. ஆனா கூட்டம் வரலையே."

"கூட்டம் வரலேன்னா சனி போகலேன்னு ஆயிடுமா?"

"எனக்குச் சனி எங்க இருந்தா என்னண்ணே, பஸ்சு எங்க நிக்குதுன்னுதான் பாக்கணும்" என்றார். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். நான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் செய்தேன். வழக்கம்போல் ஸ்பீக்கர். "நான் பெயர்ச்சிக்கு வர்றேன்னுதானே சொன்னேன், பெயர்ச்சி அடுத்த வருஷம்ல" என்று உன் அம்மாவின் குரல். பின்னால் குழந்தை ஏதோ பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ செய்த அழைப்புகளை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. எடுத்தால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது சரக்கு தேங்கி நிற்கிறது. கூடத்தில் எள் மூட்டை, உன் பழைய அறையில் அகல், கட்டிலுக்கு ஒரு பக்கம் எண்ணெய் டின். உன் அம்மா படுக்கிற பக்கம்தான் காலியாக இருந்தது என்று அங்கே கறுப்புத் துணிக் கட்டை வைத்தேன். இரவில் திரும்பிப் படுத்தால் ஆள் இருப்பது போல் தெரிகிறது, எடுத்துக் கீழே வைத்துவிட்டேன். சோற்றில் எள், காபியில் எள். காக்கைக்கு உன் அம்மா தினமும் சாதம் வைப்பாளே, நானும் எள் சாதமாகவே வைத்துப் பார்த்தேன். சனியின் வாகனம், மரியாதையாக இருக்கட்டும் என்று. மதிலில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதுவும் வாக்கியக் கட்சிதான் போலிருக்கிறது.

விற்க முடியாவிட்டால் தானமாகக் கொடுக்கலாமே என்பாய். எள்ளை யார் தானம் வாங்குவார்கள்? கொடுக்கிறவன் பாவம் வாங்குகிறவனைப் பிடிக்கும் என்று ஊர் முழுக்கப் பயம். வெண்மதிக்கு உழைத்த கூலியோடு ஒரு படி எள் அள்ளிக் கொடுக்கப் போனேன். இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"ஐயய்யோ, கையில குடுக்காதீங்க பெரியப்பா."

"அப்ப கீழ வைக்கிறேன், எடுத்துக்க."

"கீழ வச்சாலும் நீங்க குடுத்ததுதானே? பெரியம்மா இங்க இருந்திருந்தா இந்த மாதிரி எள்ளக் கையில தூக்குவீங்களா?"

கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். எள் முடிகிற வேலை இல்லை என்பதால் அவளும் மற்ற பெண்களும் இப்போது வருவதில்லை. அவர்கள் இருந்தவரை கூடத்தில் சளசளவென்று பேச்சு. அப்போது எனக்குத் தலைவலி என்று சொன்னேன். வீடு நிறைய எள்ளும் கறுப்புத் துணியும் இருப்பதைப் பார்த்துவிட்டு, கோவில்பத்திலிருந்து வந்த உன் சித்தப்பா, யார் காரியம் என்று வாசலிலேயே நின்று மெதுவாகக் கேட்டார். யாரும் சாகவில்லை, உள்ளே வா என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்.

எள்ளுக்குப் பயப்படாமல் வருகிறவர் முகைதீன் பிச்சை ஒருவர்தான். நேற்று மூட்டைமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்னார்: "ஆளு சரக்கத் தேடி வரலேன்னா, சரக்குதான் ஆளத் தேடிப் போவணும் சுப்பிரமணி. எங்க வாப்பா துணிமூட்டையத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா போயிதான் கடை வச்சாரு. நீ என்னமோ மூட்டைக்குக் காவக்காரன் மாதிரி குந்திக்கிட்டு இருக்கே." வியாபாரத்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். டம்ளரை வைத்துவிட்டு, "ஒரு போனு போட்டா கொறஞ்சா போயிடுவே" என்றார். அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

ஆகவே என் முடிவைத் தெரிந்துகொள். திருக்கணிதம்தான் சரி. உலகம் முழுவதும் அடுத்த வருஷம் கொண்டாடினாலும் சனி இப்போது மீனத்தில்தான் இருக்கிறார், தனியாக இருந்தாலும் அங்கேதான் இருக்கிறார். சரக்கை அடுத்த வருஷம்வரை வைத்திருப்பேன். நீ பணம் அனுப்ப வேண்டாம், லீவு போட்டு வரவும் வேண்டாம். உன் அம்மாவைக் கட்டாயப்படுத்தி அனுப்பவும் வேண்டாம். அங்கே எனக்கு ஓர் அறை ஒழித்துவைத்திருப்பதாகச் சந்திரலேகா சொல்லியனுப்பினாள், அதற்கு நன்றி. ஆனால் எள் விளைகிற இந்த மண்ணை விட்டு, கோதுமை தின்கிற அந்த ஊரில் நான் கால் வைக்கப்போவதில்லை. உன் பாட்டனாரும் இப்படித்தான், பிடித்தால் பிடித்ததுதான்.

பேத்திக்கு என் முத்தங்கள். சந்திரலேகாவுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் உண்டாகட்டும். உனக்குத் தேங்காத சரக்கும் தவறாத தேதியும் அமையட்டும். உன் அம்மா கேட்டால், கேட்டால் மட்டும், சௌக்கியமாக இருக்கிறேன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
நெ. சிவசுப்பிரமணியன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு தகவல் கிடைத்தது. உங்கள் புனேயிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் சனி சிங்கணாப்பூர் என்று ஒரு க்ஷேத்திரம் இருக்கிறதாம். அங்கேயும் சனிக்கிழமை கூட்டம் தாங்காதாம், எண்ணெய் ஊற்றுகிறார்களாம். இவ்வளவு பெரிய தேவை பக்கத்திலேயே இருப்பதை நீ எனக்குச் சொல்லவில்லை. காரைக்காலிலிருந்து வாரம் ஒருமுறை மும்பைக்குப் போகிற வண்டி புனே வழியாகத்தான் போகிறது. அடுத்த வாரத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. எள்ளில் கொஞ்சம் என்னோடு வருகிறது, ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி பேசிக் கொண்டுவா. முழுக்க வியாபார விஷயமாகத்தான் வருகிறேன் என்பதை வீட்டில் எல்லோருக்கும் தெளிவாகச் சொல். என்றைக்குச் சிங்கணாப்பூர் போவது உசிதம் என்று உன் அம்மாவிடம் பஞ்சாங்கம் பார்த்து வைக்கச் சொல். அவளுடைய பஞ்சாங்கம்தான். அவள் சொல்கிற நாளில் இரண்டு பேரும் போய் அவள் விளக்கையும் போட்டுவிட்டு வருகிறோம்.