மைக்ரான் கண்ணைச் சீவிக்கொண்ட கதை

ஆபரேஷனுக்குப் போன நோயாளி டாக்டரை இன்டர்வியூ எடுத்து, கடைசிக் கேள்வியில் அவரை பெயில் ஆக்கிவிட்டு பஸ் ஏறி வந்தது, எனக்குத் தெரிந்து இந்த நீலகிரி மலையில் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது. அந்த நோயாளி எங்கள் மைக்ரான். கூடப் போய் மானம் கெட்டவன் நான்.

அரவேணு பக்கம் ஒரு டீ பேக்டரியில் நான் ஸ்டோர் கீப்பர். மைக்ரான் அங்கே ரோலர் மிஸ்திரி. இலையைக் கிழித்துச் சுருட்டுவதற்குப் பல் வைத்த இரும்பு ரோலர்கள் ஜோடி ஜோடியாக ஓடும். பல் மழுங்கினால் லேத்தில் மாட்டிச் சீவ வேண்டும். அந்தச் சீவலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதை வாசித்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டர் வைத்திருப்பார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வகுத்தால் கிடைப்பது ஒரு மைக்ரான். இவர் உலகத்தைப் பார்ப்பதே அந்தக் கணக்கில்தான். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் யாருக்குக் கல்யாணம் என்று பார்க்க மாட்டார். மைக்ரோமீட்டரின் வாயில் கொடுத்துத் திருகி, "நானூறுங்க, வசதியான பார்ட்டிதான்" என்பார். டீக்கடையில் பிஸ்கட்டை அளந்து, போன மாதத்தைவிட மெலிந்துவிட்டது என்று நிரூபித்ததிலிருந்து, இவர் தலையைக் கண்டாலே கடைக்காரர் பாட்டிலை உள்ளே வைத்துவிடுவார். ஒருநாள் வீட்டில் தோசையை அளந்து, ஓரத்துக்கும் நடுவுக்கும் இருநூறு மைக்ரான் வித்தியாசம் என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒரு மாதம் அவர் சம்சாரம் இட்லிதான் போட்டார். இட்லி மைக்ரோமீட்டருக்குள் நுழையாது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு மூக்கின் மேல் சோடா பாட்டில் அடியைப் போல ஒரு கண்ணாடி. வலது கண் மைனஸ் ஐந்து, இடது ஆறரை. எங்கள் ஊர் மழைக்காலத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து லேத் பக்கத்தில் நின்று வேலை பார்க்கும். கண்ணாடி வெளுத்துப் போகும். துடைத்தால் மறுபடி வெளுக்கும். அப்படி ஒரு நாளில் மைக்ரோமீட்டரின் அளவுக்கோட்டைத் தப்பாகப் படித்து ஒரு ஜோடி ரோலரை வீணாக்கிவிட்டார். அவர் சர்வீஸில் முதல் தடவை. மேனேஜர் கத்தவில்லை. கண்ணுக்கு ஏதாவது வழி பண்ணு, இல்லையென்றால் அடுத்த மாதம் முதல் இலை எடை போடும் கொட்டகைக்குப் போ என்று மட்டும் சொன்னார்.

"கிலோவுல அளக்கச் சொல்றாங்க ஸ்டோர் சார்" என்று என் மேஜைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஜெயிலுக்குப் போகிறவர்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். எனக்கே பாவமாகிவிட்டது. கோயமுத்தூருக்கு லேசர் ஆபரேஷன் விசாரிக்கக் கூட்டிப்போனேன்.

அந்த டாக்டரம்மாவுக்குப் பூமாதேவியின் பொறுமை. கண்ணுக்குள் வெளிச்சம் குவிய வேண்டியது பின்னால் இருக்கிற திரையில். உங்களுக்குக் கருவிழி ரொம்ப வளைந்திருப்பதால் திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. நடுவில் கொஞ்சம் சீவித் தட்டையாக்கினால் குவிவது பின்னால் தள்ளிப் போகும் என்று படம் போட்டுச் சொன்னார். 'சீவி' என்ற சொல் காதில் விழுந்ததும் மைக்ரான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கூலன்ட் என்ன ஊத்துவீங்க?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இரும்பைச் சீவும்போது சூடேறாமல் இருக்க ஊற்றுகிற தண்ணீரைக் கேட்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன். தேவையில்லை, இது சுடுகிற லேசரே இல்லை என்றார் அவர். கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி. அணுவும் அணுவும் கைகோத்திருக்கிற இடத்தில் அந்தக் கையையே விடுவித்துவிடுகிற பலம் அதற்கு உண்டு. விடுபட்ட துகள் ஆவியாகப் பறக்கும்போது சூட்டையும் கூடவே கொண்டுபோய்விடும். பக்கத்தில் இருக்கிற சதைக்குச் சேதி போய்ச் சேருவதற்குள் துடிப்பு முடிந்துவிடும். மேல்பரப்பே அந்த ஒளியைக் குடித்துவிடுவதால் உள்ளே இறங்காது.

ஒரு துடிப்புக்கு எவ்வளவு சீவும் என்று கேட்டார் மைக்ரான்.

"கால் மைக்ரான்" என்றார் டாக்டரம்மா.

மைக்ரான் எழுந்து நின்று கும்பிட்டார். மாரியம்மன் கோயிலில்கூட அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் கேள்விகள் மளமளவென்று வந்தன. ஜாபை, அதாவது சீவுகிற பொருளை, அசையாமல் எந்தச் சக்கில் பிடிப்பீர்கள்? பிடிப்பதில்லை, நீங்கள் பச்சை விளக்கைப் பார்த்தால் போதும், கண் அசைந்தால் கேமரா கவனித்து லேசரையும் கூடவே நகர்த்தும், ரொம்ப அசைந்தால் நிறுத்திவிடும். மேல்தோல்? அதை முதலில் வழித்துவிடுவோம், நாலைந்து நாளில் தானே வளர்ந்துவிடும். தானே வளருமா என்று மூன்று தடவை கேட்டார். அப்படி ஒரு இரும்பு இல்லையே என்று அவருக்கு ஏக்கம். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வலது கண்ணில் எழுபது மைக்ரான், இடதில் தொண்ணூறு எடுப்போம் என்று டாக்டரம்மா வாயை விட்டார்.

மைக்ரானின் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க டாக்டர், ஜோடிய ஒரே அளவுதானுங்க சீவோணும். ஒன்னுல எழுவது, ஒன்னுல தொண்ணூறுன்னா ரெண்டும் சேந்து ஓடாதுங்களே."

பவர் வேறு வேறு என்பதால்தான் அப்படி என்று அவர் சொன்னார். நானும் சொன்னேன். நர்ஸும் சொன்னார். மைக்ரான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போது, "படிச்சவங்கதான். ஆனா லேத்துல நின்னதில்லீங்க" என்று மட்டும் சொன்னார். நான் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். நடுவழியில் பஸ் நின்றபோது பலாச்சுளை வாங்கி நீட்டினார். அவ்வளவு கோபத்திலும் நான்கைத் தின்றேன்.

மாதக் கடைசி நெருங்கியது. எடைக் கொட்டகைக்கு மாற்றும் கடிதம் டைப் ஆகி என் கண்ணிலேயே பட்டது. நேராக ரோலர் ஷாப்புக்குப் போய் அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைப் பிடுங்கினேன். "ஊரையெல்லாம் அளந்தீங்களே, இத என்னைக்காச்சும் அளந்தீங்களா?" என்று கத்திவிட்டேன். பதினைந்து வருஷப் பழக்கத்தில் நான் கத்தியது அதுதான் முதல் தடவை.

அவர் கண்ணாடியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். கிட்டத்தில் வைத்தால் அவருக்கு வெறும் கண்ணிலேயே தெரியும். மைக்ரோமீட்டரை மூக்கோடு ஒட்டிவைத்து வலது கண்ணாடியின் ஓரத்தை அளந்தார். இடதை அளந்தார். மறுபடியும் இரண்டையும் அளந்தார். இடது, வலதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். பொத்தென்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"பள்ளிக்கூடத்துல இருந்து ஜோடி சேராததத்தான் மாட்டிட்டுச் சுத்தறனுங்களா? அப்ப கண்ணு ரெண்டும் மொதல்லயே வேற வேற தேய்மானமுங்க. அந்தம்மா சொன்னதுதானுங்க சரி."

அடுத்த வாரமே ஆபரேஷன். மேனேஜர் ஒரு மாதம் லீவு கொடுத்து, அது முடிந்ததும் தன் முன்னால் அளவுக்கோட்டைப் படித்துக் காட்ட வேண்டும் என்றார். உள்ளே ஒரு கண்ணுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவர், முடி கருகின வாசம் வந்தது, சூடு இல்லை என்றீர்களே என்று டாக்டரம்மாவைப் பிடித்துக்கொண்டார். கருகவில்லை, பறந்த துகளின் வாசம்தான் அது என்றதும், சீவின தூளைப் பொட்டலம் கட்டித் தர முடியுமா என்று கேட்டார். எங்கள் ஷாப்பில் அதுதான் வழக்கம்.

சிரித்துக்கொண்டே ஊருக்கு வந்தோம். அதற்கப்புறம்தான் சிரிப்பு போய்விட்டது. இந்த முறையில் பார்வை மெதுவாகத்தான் தெளியும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் இரண்டு வாரம் ஆகியும் எல்லாம் கலங்கல்தான். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் ஸ்டோருக்கு வந்து மூலையில் உட்காருவார். எதையும் அளக்கவில்லை. மைக்ரோமீட்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். டீயோடு பிஸ்கட் வந்தால் பேசாமல் தின்றார். நான்தானே கத்தினேன், நான்தானே கூட்டிப்போனேன். வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

லீவு முடிகிற நாள். காலையில் மேனேஜர் ரூமுக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. நான் ஸ்பேனரை எண்ணுகிறேன் என்று ஒரே ஸ்பேனரை ஐந்து தடவை எண்ணிக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம் கேட்டது. மைக்ரான் வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கில் கண்ணாடி இல்லை, இரண்டு பள்ளம் மட்டும் இருந்தது. அங்கிருந்தே என்னை உற்றுப் பார்த்தார்.

"என்னாச்சு?" என்றேன்.

"ரோலர் ஷாப்புக்குத்தான் போறனுங்க. அதில்லீங்க ஸ்டோர் சார், உங்க மீச எடப்பக்கம் ரண்டாயிரம் மைக்ரான் எறங்கியிருக்குதுங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் நன்றாகப் பாருங்கள் என்று ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைத் தூக்கிக் காட்டியபடி நின்றேன்.