ஆப்பிள் தோட்டத்துக்கு ஒரு முழுக்கு

அன்புத் தம்பிக்கு,

உன் அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆப்பிள் தோட்டத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டேன். கிடங்கு கட்ட இடம் கேட்கிறவரிடம் சொல்லிவிடு. வெள்ளிக்கிழமை நீ பத்திரத்தோடு வா, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம், மறுவாரமே மரங்களை வெட்டட்டும். இதில் மாற்றமே கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாதான். பறிக்கிற ஆட்களெல்லாம் புதிதாய் வந்த தொழிற்சாலைக்குப் போய்விட்ட வருஷம், பழம் மரத்திலேயே அழுகப் போகிறதே என்று, "உள்ளே வந்து நீங்களே பறித்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டில் ஒரு பலகையை மாட்டினாரே, அன்றைக்குப் பிடித்தது சனி. அம்மா வெளியே தலைகாட்டவே கூசினாள். "வர்றவங்களை வேலை வாங்குறதா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்றாள். நாலு பேர் என்ன, ஊரே வந்தது. அப்பா வாயெல்லாம் பல்லாக, "வேலையும் அவங்களே செஞ்சுட்டு, காசும் குடுத்துட்டுப் போறாங்க பாரு!" என்றார். கூடையில் விழுந்ததைவிட வயிற்றில் விழுந்தது அதிகம் என்பது அவருக்குத் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடித்த மேதாவி நீ. ஆட்களை எடை போட்டு உள்ளே விட்டு, திரும்பும்போது மறுபடி எடை போட்டு, ஏறியதற்குக் காசு வாங்கலாம் என்றாய். மூட்டை நிறுக்கிற தராசில் முதலில் குடும்பத்தோடு ஏறியவர் தபால்காரர். திரும்பி வந்தபோது எடை குறைந்திருந்தது. "குறைஞ்சதுக்கு நீங்கதான் காசு தரணும்" என்று அவர் சண்டைக்கு நிற்க, அப்பா தராசைத் தட்டித் தட்டிப் பார்க்க, கடைசியில் தபால்காரர் மனைவிதான், "ஐயோ, சின்னவ எங்கே?" என்று அலறினாள். குழந்தை கடைசி வரிசை மரத்தடியில் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. தராசை அன்றைக்கே உள்ளே தூக்கிப் போட்டோம்.

இப்போது வருகிறவர்கள் அதற்கும் மேல். கடித்துப் பார்த்துப் புளித்தால் கிளை இடுக்கிலேயே செருகிவிட்டுப் போகிறார்கள். போன ஞாயிறு ஒருவர், தோள் வலிக்கிறது என்று என்னையே ஏணியில் ஏற்றிவிட்டு, கீழே நின்று, "அது வேணாம், அதுக்குப் பக்கத்துல" என்று விரலை நீட்டுகிறார். நானும் ஏறினேன் பார், என்னைச் சொல்லணும். இறங்கும்போது இடுப்புப் பிடித்தது, இன்னும் விடவில்லை. போதும்டா சாமி. உன் அண்ணி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் அழுதாலும் சரி, நான் அசைவதாக இல்லை.

மூத்தவனாக இருந்து சொல்கிறேன், நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் நூறாண்டு இருங்கள்.

இப்படிக்கு,
எடுத்த முடிவில் உறுதியான
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் யாரோ தோட்டத்துக்குள் நுழைவது தெரிந்தது. மூடியாச்சு என்று சொல்லத்தான் போனேன். ஒரு பெண் பழத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள், சின்னக் கிளையே ஒடிந்து கையோடு வந்தது. எனக்கு வந்ததே கோபம்! "இழுக்காதேம்மா! மேல தூக்கித் திருகு! காம்புக்குப் பக்கத்துலதான் அடுத்த வருஷத்து மொட்டு இருக்கு. அதை ஒடிச்சுட்டா அடுத்த வருஷம் நான் என்ன பண்ணுவேன்?" என்று கத்திவிட்டேன். பின்னால் நின்ற உன் அண்ணி, "எந்த அடுத்த வருஷம்?" என்று கேட்டாள். என் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. நீ சும்மா வந்துவிட்டுப் போ, பத்திரம் வேண்டாம். கிடங்குக்காரரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்.